குளியலறைத் தளமும் நீர்க்காப்பின் கதையும்



யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்த என்போன்றவர்களுக்குக் குளியல் என்றதும் நினைவுக்கு வருவது கிணற்றடியே. துலாக்கயிற்றைப் பற்றி இழுத்து, வாளியிலே நீர் மொண்டு, தலையிலே வார்ப்போம். வார்த்த நீர் தளத்தின் வழியே ஓடி, வாய்க்காலிற் புகுந்து, வாழையடியைச் சென்று சேரும். சிந்திய நீர் எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதில்லை. கல்லிடுக்கிலே கசிந்தாலும் அது மண்ணுக்குத்தான் போயிற்று. மண்ணுக்குப் போனது மீண்டும் கிணற்றுக்குத்தான் வந்தது. கசிவு என்பது அக்காலத்திலே ஒரு குறையாகவே கருதப்படவில்லை.

இன்று குளியல் கிணற்றடியை விட்டு வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல், படியேறி மேல்மாடிக்கும் போய்விட்டது. ஷவரைத் திறந்து நாம் நிற்கின்ற தளத்தின் கீழே இப்பொழுது வாழைமரம் இல்லை; ஒருவருடைய கட்டில் இருக்கிறது, அல்லது ஒருவருடைய புத்தக அலுமாரி இருக்கிறது. இடம் மாறியவுடன் கசிவின் பொருளும் மாறிவிட்டது. இந்த மாற்றத்தை நாம் சரியாக உணர்ந்துகொண்டோமா என்பதே இன்றைய என் பேச்சின் வினா.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டு மேல்மாடியிலே ஒரு குளியலறை கட்டுவித்தேன். பீங்கான் ஓடு தெரிவு செய்வதற்காக நாலைந்து கடைகள் ஏறி இறங்கினேன். நீல ஓடா, பச்சை ஓடா என்று வீட்டிலே மூன்று நாள் வாதம் நடந்தது. ஓட்டின் கீழே என்ன இடுவது என்று மாத்திரம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைசெய்த மேசனாரும் சொல்லவில்லை. ஓராண்டு கழிந்தது. கீழறையின் மேற்றட்டிலே வெற்றிலையளவு ஒரு கறை தோன்றிற்று. அது தட்டளவாயிற்று, பின் சுளகளவாயிற்று. அதன் நேர்கீழே நின்ற அலுமாரியில் என் பல்கலைக்கழகக் காலத்துக் குறிப்புப் புத்தகங்களும், என் தந்தையார் வைத்துப் படித்த நூல்களும் இருந்தன. அவற்றிற் பாதியைப் பூஞ்சணத்துக்குப் பறிகொடுத்தேன்.

தளத்தை உடைப்பதற்கு வேறொரு முதிய மேசனாரை அழைத்தேன். அவர் ஓடுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு ஓடும் வெடிக்கேல்லை. எல்லாம் புதுசு மாதிரி இருக்கு" என்றார். பின்பு உளியை வைத்து நாலு ஓட்டைப் பெயர்த்தார். கீழேயிருந்த சீமெந்துக் கலவை, உழுத வயற்சேறுபோலக் கிடந்தது. "ஓடு தண்ணியை மறிக்குமெண்டு ஆர் ஐயா உங்களுக்குச் சொன்னது?" என்று அவர் கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை வினவி வந்த எனக்கு அந்த ஒரு வினாவுக்கு விடை தெரியவில்லை. வரலாறு கற்பிப்பவன் ஆதலின், வரலாற்றினிடமே போய்க் கேட்டேன். அங்கே கிடைத்த விடையைத்தான் இப்பொழுது உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலிலே சிந்துவெளிக்குச் செல்வோம். இன்று பாக்கிஸ்தானைச் சேர்ந்துள்ள சிந்து மாகாணத்து மொகெஞ்சதாரோவிலே, 1925 - 26 ஆம் ஆண்டுகளிலே, ஒரு பெரிய நீராடுகுளம் தோண்டி வெளிப்படுத்தப்பட்டது. அப்பொழுது இந்தியத் தொல்பொருளாய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தவர் சேர் ஜோன் மார்ஷல். நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கட்டப்பட்ட அக்குளம் ஏறக்குறைய 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உடையது. வடக்கிலும் தெற்கிலும் படிக்கட்டுகள் இறங்குகின்றன. காண்பவர் கண்ணைக் கவர்வது அதன் செங்கற்றளமே. கல்லோடு கல் பொருந்த, விளிம்பை மேலாக நிறுத்தி, ஜிப்சம் சாந்திட்டு இறுக்கிய தளம் அது.

ஆனால், நேயர்களே, அக்குளத்தின் பெருமை கண்ணுக்குத் தெரியும் அச்செங்கலிலே இல்லை. உட்சுவரின் பின்னே, ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்தில் நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. அந்த நிலக்கீல் வழுவி விழாமல் தாங்குவதற்கு, அதன் பின்னே மெல்லிய செங்கற் சுவரொன்று எழுப்பப்பட்டிருந்தது. அதற்கும் அப்பால் களிமண்ணும் பச்சைக்கல்லும் இட்டு இறுக்கியிருந்தனர். ஆக, காலடியும் நீரும் உராய்வதற்கு ஒரு படை. நீரை மறிப்பதற்கு வேறொரு படை. இவ்விரண்டு தொழிலையும் ஒரே பொருளிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதை அக்கட்டடக் கலைஞர் தெளிவாக அறிந்திருந்தனர்.

அந்நகரத்து வீடுகளின் குளியலறைகளும் நாம் கருதத்தக்கவை. பெரும்பாலான வீடுகளிலே குளிப்பதற்கென ஒரு சிறிய செங்கல் மேடை இருந்தது. இடுக்குத் தெரியாதபடி கற்களை நெருக்கிப் பதித்து, ஒரு மூலையை நோக்கிச் சாய்வு கொடுத்து, அம்மூலையிலிருந்து வீதிக் கால்வாய்க்கு நீரை விட்டனர். சில வீடுகளின் சுவர்களிலே, மேல்மாடியிலிருந்து நீர் இறங்குவதற்காகச் சுட்ட மண் குழாய்கள் நிறுத்தப்பட்டிருந்தன. சாய்வு, நெருக்கமான இடுக்கு, போக்குவாய் என்னும் மூன்றும் அன்றே அமைந்துவிட்டன. நீரைத் தடுப்பதற்கு முன்னர் அது தங்காமல் ஓடுவதற்கு வழிசெய்ய வேண்டும் என்பது அவர்கள் விட்டுச் சென்ற முதற் பாடம்.

மேற்கே மெசொப்பொத்தேமியாவிலும் இதே அறிவைக் காண்கிறோம். யூப்பிரத்தீசு நதிக்கரையிலுள்ள ஹிற் என்னும் ஊரிலே நிலக்கீல் ஊற்றுகள் உண்டு. அங்கே எடுத்த நிலக்கீலைக் கொண்டு அந்நாட்டார் கட்டடங்களின் ஈரத்தைத் தடுத்தனர். பபிலோனிலே இருந்ததாகச் சொல்லப்படும் தொங்குபூங்காவைப் பற்றி, கி.மு. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த டியோடோரசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு விவரம் தருகிறார். கூரைக் கற்களின் மேலே முதலில் நிலக்கீலில் தோய்ந்த நாணற்படை. அதன்மேல் இரண்டு வரிசைச் சுட்ட செங்கல். அதன்மேல் ஈயத் தகடு. அதற்கும் மேலேதான் மண்ணும் மரமும் என்கிறார் அவர். அப்பூங்கா உண்மையிலே இருந்ததோ என்பது ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிக்கும் செய்தி. எனினும், ஈரமான ஒரு தளத்தை உயரத்திலே அமைப்பதற்குப் படைமேற் படையாக இட வேண்டும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் எழுதிவைத்துள்ளார் என்பது மறுக்க முடியாதது.

உரோமரிடம் வருவோம். நிலக்கீல் எளிதிற் கிடைக்காத இடத்திலே அவர்கள் வேறொரு வழி கண்டனர். சுட்ட ஓட்டையும் மட்பாண்டத்தையும் இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு கலந்தனர். வெறுஞ் சுண்ணாம்புச் சாந்து காற்றிலேதான் இறுகும், நீருக்குள்ளே இறுகாது. சுட்ட களிமண் தூள் சேர்ந்ததும், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரிலும் இறுகும் தன்மையைச் சாந்துக்கு அளிக்கின்றன. நேப்பிள்சு நகருக்கு அருகேயுள்ள மிசேனம் என்னுமிடத்திலே, பிஸ்கீனா மிராபிலிஸ் என வழங்கும் நிலக்கீழ் நீர்த்தொட்டியை இன்றும் காணலாம். நாற்பத்தெட்டுத் தூண்கள் தாங்கும் அப்பெருந் தொட்டியின் உட்புறம் இச்சாந்தினாலேயே பூசப்பட்டது.

உரோமருடைய தொட்டிகளிலே இன்னொரு நுட்பம் உண்டு. சுவரும் தளமும் சந்திக்கும் மூலையை அவர்கள் கூர்மையாக விடுவதில்லை. அம்மூலையிலே சாந்தை அப்பி, வளைவாக மெழுகிவிடுவர். ஏனெனில், கட்டடம் சிறிது அசைந்தாலும் முதலிலே வெடிப்பது சுவரும் தளமும் சந்திக்கின்ற அந்த மூட்டே. என் வீட்டுத் தளத்தைப் பெயர்த்த முதிய மேசனாரும், புதுத்தளம் இடும்பொழுது மூலைகளை முதலில் வளைவாகவே மெழுகினார். அவர் உரோமர் வரலாறு படித்தவரல்லர். ஆனால் மூலையிலே நீர் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்.

உரோமருள் இவ்விடயத்தை மிக விளக்கமாக எழுதியவர் விற்றூவியசு என்னும் கட்டடக் கலைஞர். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே அவர் எழுதிய கட்டடக்கலை நூலின் ஏழாம் பகுதியிலே, வெளிவெயிலும் மழையும் படுகின்ற மேற்றளத்தை எவ்வாறு அமைப்பது என்று விதிக்கிறார். பத்தடிக்கு இரண்டு விரலளவு சாய்வு வேண்டும் என்பது அவர் விதி. உரோமருடைய ஓரடியிலே பதினாறு விரல்; ஆகவே எண்பதுக்கு ஒன்று என்னும் சாய்வு அது. இன்று ஐக்கிய அமெரிக்காவிலே ஷவர்த் தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது நாற்பத்தெட்டுக்கு ஒன்று, சாய்வு வேண்டும் என்பது வழக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளிலே அளவு சிறிது கூடியதேயன்றி, கருத்து மாறவில்லை.

அதைவிடச் சிறந்த செய்தியொன்றை அவர் தொடர்ந்து கூறுகிறார். மேலும் உறுதி வேண்டுமாயின், மேலே தெரியும் தளத்தை இடுவதற்கு முன்னரே, இரண்டடி ஓடுகளை அடியிலே பரப்பச் சொல்கிறார். அவ்வோடுகளின் விளிம்புகளிலே விரலளவு பள்ளம் வெட்டி, எண்ணெயிலே குழைத்த சுண்ணாம்பை அப்பள்ளங்களில் அடைத்து, ஓட்டோடு ஓட்டை நெருக்க வேண்டும். அதன் பின்னரே சாந்தும், அதற்கு மேல் தளமும். பாருங்கள், நேயர்களே! மொகெஞ்சதாரோவின் நிலக்கீலுக்கு ஈடான ஒரு மறைவுப் படை இங்கே எண்ணெய்ச் சுண்ணாம்பாக நிற்கிறது. காண்பது ஒன்று, காப்பது மற்றொன்று.

இனி எம் அயலைப் பார்ப்போம். அநுராதபுரத்திலே அபயகிரி விகாரையைச் சார்ந்த குட்டம் பொக்குண என்னும் இரட்டைக் குளங்களைக் கண்டவர் பலர். கருங்கற் பலகைகளாற் கட்டிய அக்குளங்களுக்குள்ளே நீர் புகுமுன், சிறு தொட்டிகளிலே தங்கி மண்டி இறங்கித் தெளிந்து வரும்படி அமைத்திருக்கிறார்கள். அக்கலைத்திறன் வியக்கத்தக்கது. ஆயினும், நிலத்தைக் குழிந்து அமைக்கும் குளத்துக்கு நிலமே துணை. சிறிது கசிந்தாலும் அதனால் எவருடைய வீடும் நனைவதில்லை. மாடியிலே அமையும் தளத்துக்கு அத்துணை இல்லை. ஆகவே அதற்கு வேண்டிய அறிவை நாம் கூரைகளிலேதான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலே சென்னைத் தளம் என்று ஒரு கூரை வகை இருந்தது. தேக்குச் சட்டங்களின் மேலே மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தாற் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் அடித்து இறுக்குவர். இறுதியிலே தட்டோடுகளைப் பதிப்பர். மேலே கண்ணுக்குத் தெரிவது தட்டோடு. மழையை மறிப்பது அதன் கீழே அடித்து இறுக்கிய சுண்ணாம்புப் படை. செங்கற்றூளைச் சுண்ணாம்போடு கலக்கும் வழக்கத்தைச் சுர்க்கி என்பர். 1887 ஆம் ஆண்டு தொடங்கி 1895 ஆம் ஆண்டு நிறைவெய்திய முல்லைப்பெரியாறு அணை இந்தச் சுர்க்கிச் சாந்தினாலேயே கட்டப்பட்டது. உரோமருடைய தொட்டிச் சாந்தும் எம் அயலவருடைய அணைச் சாந்தும் ஒரே குடும்பம் எனலாம்.

நிற்க. இவ்வளவு தெளிவாக அறிந்திருந்த ஒன்றை மக்கள் மறந்தது எப்பொழுது? இதற்கு மறுமொழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிடைக்கிறது. 1824 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த யோசப் அஸ்ப்டின் என்னும் மேசன், போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1840 இலே றிச்சட் புறொசர் என்பவர், உலர்ந்த களிமண் தூளைப் பெருவிசையால் அழுத்தி ஓடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்ரோக் நகரத்திலே மட்கலத் தொழில் நடத்திய ஹேபட் மின்ரன் அம்முறையைக் கையாண்டு ஓடுகளைப் பெருந்தொகையாகச் செய்தார். விரைவாக இறுகும் சீமெந்து ஒரு புறம். மலிவாகவும் மழமழப்பாகவும் கிடைக்கும் ஓடு மறுபுறம். இரண்டும் கல்லைப்போல் இருந்தன. கல்லைப்போல் இருப்பது நீரைத் தடுக்கும் என்று மக்கள் நம்பிவிட்டனர்.

ஆனால் சீமெந்துச் சாந்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தன. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை நீரை இழுக்கின்றன. காயும்பொழுது சீமெந்து சுருங்குகிறது; சுருங்கும்பொழுது மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. ஓட்டின் மெருகு நீரை விடாது என்பது உண்மையே. போசிலின் ஓடு தன் எடையிலே நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவேயுள்ள இடுக்கை நாம் எதனால் நிரப்புகிறோம்? சீமெந்தினால். நாலு பக்கமும் மதிலெழுப்பிவிட்டு வாசலைத் திறந்துவிட்ட வீடுபோலாகிறது அது. தினமும் காலையும் மாலையும் குளிக்கும் வீட்டிலே, அவ்விடுக்குகளின் வழியே நாளுக்குச் சிறிதாக இறங்கும் நீர், உலர்வதற்கு முன்னரே அடுத்த குளிப்பு வந்துவிடுகிறது.

இதன் விளைவு கறையோடு முடிவதில்லை. கொங்கிறீற்றுத் தட்டுக்குள்ளே இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கொங்கிறீற்றின் காரத்தன்மை அவற்றைத் துருவிலிருந்து காக்கிறது. நீண்ட காலம் ஈரமும் காற்றும் மாறிமாறிப் புகுந்தால் அக்காவல் தளர்ந்து, இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. ஆகவே அது உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கிறது. வாழ்நாட் சேமிப்பை முதலிட்டு ஒருவர் கட்டிய வீடு, ஒரு குளியலறையின் பொருட்டு உட்புறமிருந்து அழிகிறது. அடுக்குமாடி வீடாயின், அழிவது அயலாருடைய கூரையுமாகும். ஆதலால் இஃது அழகைப் பற்றிய பேச்சன்று. வீட்டின் ஆயுளைப் பற்றிய பேச்சு.

மேல்நாட்டிலே இவ்வறிவு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் வேலைசெய்வோர் ஈயத் தகட்டைத் தட்டுப்போல மடித்துக் குளியலறைத் தளத்தின் அடியிலே இட்டுவந்தனர். ஆங்கிலத்திலே பிளம்பர் என்னும் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய பிளம்பம் என்பதிலிருந்து பிறந்தது. ஆனால் ஈயத்துக்குச் சீமெந்தின் காரம் ஆகாது. அதனால் ஈயத்தின்மேல் நிலக்கீல் பூசிவிட்டே சாந்தை இட வேண்டியிருந்தது. சிந்துவெளியாரின் நிலக்கீல், ஈயத்துக்குப் போர்வையாக மீண்டும் வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டு புதிய பொருள்களைத் தந்தது. 1933 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நோத்விச் என்னும் ஊரிலிருந்த இரசாயன ஆய்வுகூடமொன்றிலே, வேறொன்றைத் தேடிய பரிசோதனையில் எதிர்பாராமற் பிறந்தது பொலித்தீன். பின்னர் ஈயத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் விரிப்புகள் பிடித்தன. 1950 களிலே ஐக்கிய அமெரிக்காவிலே ஹென்றி றொத்பேக் என்னும் இரசாயனப் பொறியியலாளர், இறப்பர்ப்பால் கலந்த சீமெந்துப் பசையை ஆக்கினார். அதனை விற்க 1956 இலே லற்றிக்கிறீற் என்னும் நிறுவனத்தையும் தொடக்கினார். அதுவரை அங்குலக் கணக்கான சாந்திலே பதித்த ஓட்டை, மெல்லிய பசைப்படையிலேயே ஒட்டிவிட முடிந்தது. நீரை மறிக்கும் படை ஓட்டின் நேர்கீழே வருவதற்கு இதுவே வழிதிறந்தது. ஜேர்மனியிலே ஓடு பதிக்கும் தொழிலாளராக இருந்த வேர்ணர் ஷ்லூற்றர் தொடக்கிய நிறுவனம், இருபுறமும் பஞ்சிழை ஒட்டிய பொலித்தீன் விரிப்பைக் கேர்டி என்னும் பெயரிலே வெளியிட்டது. பஞ்சிழை பசையைப் பற்றிக்கொள்ளும்; பொலித்தீன் நீரை மறிக்கும். ஆக, நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் மீண்டும் மொகெஞ்சதாரோவின் வாயிலிலேயே வந்து நின்றனர்.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர், இன்று தம் வீட்டுக்கு எந்த நீர்க்காப்பு முறையைத் தெரிவு செய்வது? பெருவழிகள் மூன்று உண்டு.

முதலாவது, ஆழத்திலே விரிப்பிடும் பழைய முறை. பிளாஸ்ரிக் அல்லது இறப்பர் விரிப்பைத் தட்டுப்போல இட்டு, அதன்மேல் தடித்த சாந்தும் ஓடும் வைப்பது. இது நன்கு சோதிக்கப்பட்ட முறையே. ஆனால் சாய்வு, விரிப்பின் கீழே இருக்க வேண்டும். பலர் விரிப்பைச் சமதளத்திலே இட்டுவிட்டு, மேற்சாந்திலே மட்டும் சாய்வு கொடுக்கின்றனர். அப்பொழுது சாந்துக்குள் இறங்கிய நீர் விரிப்பின்மேலே தேங்கி நாறும். போக்குவாயின் கழுத்திலுள்ள சிறு கசிவுத் துளைகள் சாந்தினால் அடைபட்டாலும் இதே கதிதான்.

இரண்டாவது, திரவமாகப் பூசும் முறை. இறப்பர் அல்லது அக்கிறிலிக் சேர்ந்த திரவத்தையோ, பொலிமர் கலந்த சீமெந்துக் குழம்பையோ, தூரிகையால் இரண்டு படையாகப் பூசுவது. ஒழுங்கற்ற மூலைகளுக்கும் குழாய்கள் புகுமிடங்களுக்கும் இது வசதியானது. எம் நாட்டுக் கொங்கிறீற்றுத் தட்டுக்கும் இசைந்தது. ஆனால் இதன் வலிமை பூசுபவருடைய பொறுமையிலே தங்கியிருக்கிறது. படை மெலிந்தால் ஊசித்துளை விழும். முதற்படை காய்வதற்குள் இரண்டாம் படை பூசினால் பலனில்லை. மூலைகளிலே வலைத்துணி பதித்தே பூச வேண்டும்.

மூன்றாவது, ஓட்டின் கீழே ஒட்டும் விரிப்பு முறை. தொழிற்சாலையிலே செய்யப்பட்டது ஆதலின் அதன் கனம் எங்கும் ஒன்றே. நீர் ஓட்டின் நேர்கீழேயே மறிக்கப்படுவதால் சாந்து உலர்ந்தே இருக்கும். ஆனால் விலை கூடியது. ஒரு விரிப்பு மற்றொன்றின்மேல் ஏறக்குறைய இரண்டங்குலமாவது ஏறிப் படிய வேண்டும். அப்படியும் இடத்திலே காற்றுக் குமிழி நின்றால், நின்ற இடமே வாசலாகும். கூரைக்கு நெருப்பிலே உருக்கி ஒட்டும் நிலக்கீல் விரிப்பையும் சிலர் குளியலறைக்கு இடுகின்றனர். அது நீரை நன்கு மறிக்கும்; ஆனால் ஓட்டை அதன்மேல் நேரே ஒட்ட முடியாது. நடுவே சாந்துப்படை வேண்டும். அதற்குத் தளம் உயர இடமுண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்க.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பீர்களாயின், என் விடை இது: கீழே நிலமாயிருக்கும் குளியலறைக்கு நன்றாகப் பூசிய திரவமே போதும். கீழே அறையிருக்கும் மாடிக்கு, கைதேர்ந்தவர் கிடைத்தால் ஒட்டும் விரிப்பு. கிடையாவிடின், முறையறிந்து பூசிய திரவம். தெரியாத கையில் விலையுயர்ந்த விரிப்பைக் கொடுப்பதைவிட, தெரிந்த கையில் எளிய குழம்பைக் கொடுப்பது மேல். பொருளை வாங்கும்பொழுது, ஓட்டின் கீழிடும் நீர்க்காப்புக்கென அமெரிக்காவிலே வகுத்த ஏ.என்.எஸ்.ஐ. ஏ118.10, ஐரோப்பாவிலே வகுத்த ஈ.என். 14891 ஆகிய தரவிதிகளில் ஒன்று பொதியிலே குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒரு முறையின் பொருளையும் மற்றொன்றின் பொருளையும் கலவாதீர்கள். போக்குவாயும் படையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். சுவரிலே ஷவர்த் தலைக்கு மேல்வரை அந்தப் படை ஏற வேண்டும்.

எந்த முறையைத் தெரிந்தாலும் ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள். ஓடு பதிக்கும் முன்னர், படை நன்றாகக் காய்ந்த பின்னர், போக்குவாயை அடைத்துத் தளத்திலே நீர் நிரப்புங்கள். நீர்மட்டத்தைச் சுவரிலே பென்சிலாற் குறியுங்கள். இருபத்துநாலு மணி நேரம் விட்டுவிட்டு, குறியையும் கீழறையின் மேற்றட்டையும் பாருங்கள். மட்டம் தாழாமலும் கீழே ஈரம் காணாமலும் இருந்தால் மாத்திரமே ஓட்டுப் பெட்டியைப் பிரியுங்கள். ஒருநாட் கூலி வீணாகிறதே என்பர் சிலர். ஒருநாட் கூலி எங்கே, உடைத்துக் கட்டும் செலவு எங்கே!

என் குளியலறையை இரண்டாம் முறை கட்டியபொழுது, அந்த முதிய மேசனார் இச்சோதனையைச் செய்தார். மறுநாட் காலை நாமிருவரும் கீழறையிலே நின்று மேற்றட்டை அண்ணாந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. அவர் சிரித்துக்கொண்டு, "இனி நீலமோ பச்சையோ, விரும்பினதை ஒட்டுங்கோ ஐயா" என்றார். முதன்முறை நான் மூன்று நாள் வாதாடிய பொருளை, அவர் இறுதியிலே, ஒரு வரியிலே முடித்துவிட்டார். ஓடு எந்நிறமாயினும் வீட்டுக்குக் கேடில்லை. ஓட்டின் கீழே ஒருவரும் காணாத அந்த ஓரங்குலத்திலே எவர் எவ்வளவு கவனம் செலுத்தினார் என்பதே கேள்வி. மொகெஞ்சதாரோவின் மேசன்மார் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் செங்கலின் பின்னே மறைத்துவைத்த நிலக்கீல் மாத்திரம், நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தும், அவர்கள் செய்த வேலைக்குச் சான்று கூறி நிற்கிறது.